ஓடம் ஏறிய வண்டி

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வரும் என்பதற்கே இதனை எடுத்துக்காட்டுவர். வகுப்பறையில் இதனை விளக்கும் ஆசிரியரும் பெரும்பாலும் அக்கருத்தோடு நிறைவு கொள்வார். ஓடம் உண்மையில் எவ்விடத்தில் வண்டி ஏறியது, ஏன் ஏறியது, ஏற்றிய வண்டி பழுதுபட்டபோது ஓடத்தின் கதி யாதாயிற்று என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவோர்க்கு அப்பழமொழியின் இரு பாதிகளும் அம்மண்ணில் எழுத்துக்கு எழுத்து நிகழ்ந்திருப்பது புலனாகும்.

திருவள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் தேரையும் கப்பலையும் எதிரெதிரே நிறுத்துகிறார். தேருக்குக் கடல் இடமன்று. கப்பலுக்குத் தரை இடமன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய களத்திலேயே வலிமையுடையது என்பது அக்குறளின் கருத்து. அங்கே 'கால்' என்னும் சொல் சக்கரத்தைக் குறிப்பதை மாணவர் அறிவர். நாவாய்க்குக் கால் இல்லை. ஆகவே அது நிலத்தில் ஓடாது. ஆயினும் கால் இல்லாத கலத்துக்குக் காலைப் பூட்டித் தரைமேல் நடத்திச் செல்லும் முயற்சியை மனிதன் கைவிட்டதே இல்லை. இன்று ஜொகூரின் கடற்கரைகளில் சிறு பாய்மரப் படகுகளைச் சுமந்து நிற்கும் இரும்பு இழுவண்டிகள் அம்முயற்சியின் அண்மைக்கால வடிவங்கள். படகைப் பற்றிப் பேசுவோர் பாயைப் பேசுவர், காற்றைப் பேசுவர். இழுவண்டியைப் பேசுவோர் அரியர். அதன் அச்சு முறிந்த அன்றுதான் அது நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் இச்சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்பட்டது. அலை அடித்துப் புரளும் அத்திறந்த கரையில் கலத்தை நீரில் நிறுத்திவைக்க இயலாது. நாள்தோறும் கரையேற்றியாக வேண்டும். கட்டுமரம் என்னும் பெயரே தீர்வைச் சொல்லிவிடுகிறது. மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குச் செல்வர். திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தோளில் சுமந்து மேட்டில் உலர வைப்பர். கலமே பிரிந்துவிடுவதால் வண்டி தேவைப்படவில்லை. கண்ணாடியிழைப் படகுகள் பெருகிய பின்னர் நிலை மாறிற்று. அவற்றைப் பிரிக்க இயலாது, எடையும் மிகுதி. பல கரைகளில் டிராக்டர் வந்து படகை மணலில் இழுக்கும் காட்சி வழக்கமாயிற்று. கலம் பிரியாத பொருளாக மாறியதும் அதன்கீழ் ஒரு வண்டி தேவைப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கரையேற்றுவது ஒன்று, ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்குத் தரைவழியே கொண்டுசெல்வது வேறொன்று. பின்னதற்கு உலக வரலாற்றில் புகழ்பெற்ற சான்றுகள் உண்டு. கிரேக்க நாட்டின் கொரிந்த் நிலஇடுக்கில் கி.மு. 600 அளவில் கல் பாவிய பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதன்மேல் சக்கரங்கள் செல்லப் பள்ளங்கள் இருந்தன; கலங்களும் சரக்கும் அதன் வழியே இழுக்கப்பட்டன. தென்கிரேக்கத்தைச் சுற்றிவரும் ஆபத்தான கடற்பயணத்தை அது தவிர்த்தது. அதே இடுக்கில் கால்வாய் திறக்கப்பட்டது 1893இல்தான். 1453ஆம் ஆண்டு ஏப்ரலில் துருக்கிய மன்னர் இரண்டாம் மெகமது, கான்ஸ்டான்டிநோப்பிள் துறைமுகத்தின் வாயிலை மறித்த சங்கிலியைக் கடக்க முடியாமல், கொழுப்புப் பூசிய மரங்களின்மேல் தம் கப்பல்களைக் குன்றேற்றி மறுபுறம் இறக்கினார். இரண்டு நிகழ்ச்சிகளிலும் கலம் புகழ் பெற்றது. அதன்கீழ் உருண்டும் தேய்ந்தும் போன மரங்களை எவரும் எண்ணவில்லை.

மலாய்த் தீபகற்பமும் இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஒரு தடையே. வங்கக் கடலிலிருந்து வரும் வணிகன் சீனக் கடலை அடைய அதன் தென்முனையைச் சுற்ற வேண்டும். வடக்கே, தீபகற்பம் மெலிந்திருக்கும் பகுதியில், இப்போது தாய்லாந்துக்கு உரியதான தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஒரு குளமும் அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரும் அதில் குறிக்கப்படுகின்றனர். தமிழ் வணிகர் அங்கே தங்கியதற்குத் தரைவழிக் கடப்பும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதுவர். அவ்வழியைப் பற்றிய கருத்தில் கடந்து சென்றது சரக்கு; கப்பல் அந்தந்தக் கரையிலேயே நின்றது. கலமே தரையைக் கடந்த இடத்தைக் காணத் தெற்கே மூவார் ஆற்றுக்கு வரவேண்டும்.

மூவார் ஆறு நெகிரி செம்பிலானில் தோன்றி, ஜொகூரின் வடமேற்கு மூலையில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. தீபகற்பத்தின் மிக நீண்ட ஆறாகிய பகாங் ஆறு எதிர்ப்புறம் ஓடித் தென்சீனக் கடலை அடைகிறது. மூவாரின் கிளையாகிய ஜெம்போல் ஆறும், தன் நீரைப் பகாங் ஆற்றுக்குச் சேர்க்கும் செர்த்திங் ஆறும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி வருகின்றன. இடைப்பட்ட நிலம் சில நூறு மீட்டர் மட்டுமே. மேற்கிலிருந்து வரும் படகு மூவார் ஆற்றில் ஏறி, ஜெம்போலில் நுழைந்து, அச்சிறு நிலத்தைக் கடந்து செர்த்திங்கில் இறங்கிவிட்டால் நீரோட்டமே அதனைக் கிழக்குக் கடலுக்கு இட்டுச்செல்லும். தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றும் நெடும்பயணம் மீதமாகும்.

அந்நிலத்துக்கு மலாய் மக்கள் இட்ட பெயர் பெனாரிக்கான். 'தாரிக்' என்றால் இழு. இழுக்கும் இடம் பெனாரிக்கான். அரசன் பெயரோ தெய்வத்தின் பெயரோ சூட்டாமல், அங்கு நிகழ்ந்த உழைப்பையே பெயராக வைத்தனர். படகோட்டியின் முதுகு அறிந்த பெயர் அது. மலாக்காவில் 1563இல் பிறந்த மனுவேல் கொடின்ஹோ டி எரேடியா, 1613இல் எழுதிய நூலிலும் வரைந்த படத்திலும் இவ்விடத்தைப் பனாரிக்கான் என்றே குறித்துள்ளார். கடற்கரைத் துறைகளையே பெரிதாக எழுதும் அக்கால நிலப்படத்தில் உள்நாட்டுக் காட்டுக்குள் கிடந்த ஒரு துண்டு நிலம் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

அங்கே வண்டி எது? சக்கரம் பூட்டிய வண்டி தேவைப்பட்டிருக்காது. இவ்வாறு படகிழுக்கும் இடங்களில் குறுக்கே மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் கலத்தைத் தள்ளியும் இழுத்தும் செல்வதே உலகெங்கும் எளிய முறை. பின்னே விடுபட்ட கட்டையை முன்னே கொண்டுவந்து போட, பாதை படகோடு நகர்கிறது. கட்டை உளுத்தால் அருகிலுள்ள காட்டில் மற்றொன்று வெட்டலாம். மேலும் ஜெம்போலும் செர்த்திங்கும் நன்னீர் ஆறுகள்; உப்பின் அரிப்பு அங்கே இல்லை. பழுதான வண்டியை மாற்றுவது ஒரு கோடரியின் வேலையாக இருந்த காலம் அது. பிற்காலத்தார் அந்த எளிமையை மீண்டும் பெறவில்லை.

இவ்விழுவழியின் அருமை 1511இல் விளங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கிடம் மலாக்கா வீழ்ந்தது. சுல்தான் மகமூது ஷா நகரை விட்டு நீங்கி மூவார் ஆற்றுப் பகுதிக்கு வந்தார். அங்கும் நிலைக்க முடியாமல் உள்நாட்டுக்குள் சென்று பெனாரிக்கான் வழியே பகாங்கை அடைந்ததை மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. கடலில் பகைவரின் கப்பல்கள் வலிமை பெற்றிருந்தன. ஆனால் அவற்றின் ஆழமான அடிப்பாகம் ஜெம்போல் ஆற்றில் நுழையாது. நுழைந்தாலும் அவற்றைத் தரைமேல் இழுக்க முடியாது. சிறிய கலம் பெரிய கலத்தை வென்றது தரையில்தான். பின்னர்ப் பிந்தானில் அரசமைத்துப் போராடிய மகமூது 1528இல் சுமத்திராவின் கம்பாரில் காலமானார். அவர் மகன் அலாவுதீன் ஜொகூர் ஆற்றங்கரையில் நிறுவியதே ஜொகூர் சுல்தானகம். மலாக்காவின் அரச மரபு ஜொகூராகத் தொடர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் காட்டுக்குள் உருண்ட சில மரக்கட்டைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அரச மரபுகளைத் தொகுப்போர் கட்டைகளை நினைப்பதில்லை என்பது வேறு செய்தி.

பெனாரிக்கான் போரால் அழியவில்லை. கெமாஸிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட இருப்புப்பாதை 1910இல் ஜெம்போல் வட்டாரத்துப் பாகாவை எட்டியது; 1931இல் அப்பாதை கிளந்தான் கடற்கரையோடு இணைந்தது. ஆற்றையும் இழுவழியையும் நம்பியிருந்த உள்நாட்டுப் போக்குவரத்துக்கு அதன்பின் தேவை இல்லாமற் போயிற்று. சரக்கு இருப்புப்பாதையில் ஏறிற்று. படகைச் சுமப்பதில் பொருளில்லை.

இருப்புப்பாதையும் ஜொகூருக்கு எளிதாக வாய்க்கவில்லை. மகாராஜா அபு பக்கார் 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு வண்டிப்பாதை தொடங்கினார். இரும்புக்குப் பதிலாக மரத் தண்டவாளங்கள் இடப்பட்டன. ஜொகூர்க் காடுகளில் உறுதியான மரத்துக்குப் பஞ்சமில்லை. இரும்பைக் கடல்கடந்து வாங்குவதற்கோ பெரும்பொருள் வேண்டும். கணக்கு அளவில் இது நல்ல முடிவே. ஆனால் ஈரமும் கரையானும் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. மரம் உளுத்தது, பாதை சில கல் தொலைவோடு நின்று கைவிடப்பட்டது. பெனாரிக்கானில் உளுத்த கட்டையை எடுத்தெறிந்து மற்றொன்றைப் போட்டால் போதும். தண்டவாளத்தில் ஒரு மரம் உளுத்தால் பாதை முழுவதும் நிற்கும். ஒரே பொருள் ஓரிடத்தில் உதவி மற்றோரிடத்தில் கைவிட்டது. இடனறிதல் அதிகாரம் மரத்துக்கும் பொருந்தும்போலும்.

ஜொகூரின் இரும்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. மலாயாவின் பாதைகளை அமைத்த கைகளில் தமிழர் கைகள் மிகுதி என்பதைத் தமிழ் மாணவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வந்த தொடர்வண்டி ஜொகூர் பாருவில் தெப்ராவ் நீரிணையின் கரையில் வந்து நின்றது. எதிர்க்கரையில் சிங்கப்பூர்ப் பாதை 1903 முதல் காத்திருந்தது. இடையே நீர். இங்கேதான் பழமொழியின் இரண்டாம் பாதி நிகழ்ந்தது. சரக்குப் பெட்டிகளைத் தண்டவாளம் பதித்த மிதவைகளில் ஏற்றி அக்கரை சேர்த்தனர். வண்டி ஓடத்தில் ஏறிற்று. ஆனால் ரப்பரும் ஈயமும் பெருகப்பெருகப் பெட்டிகள் கரையில் குவிந்தன. மிதவைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பழுதான வண்டியைப் போலவே, போதாமற்போன வண்டியையும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றாக வந்ததே ஜொகூர்க் கடற்பாலம். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. பூலாவ் உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் உடைத்த கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பினர். 1923 செப்டம்பர் 17இல் முதல் சரக்கு வண்டி கடந்தது; 1924 ஜூன் 28இல் முறையான திறப்புவிழா நடைபெற்றது. நீளம் 3,465 அடி. அகலம் 60 அடி. மக்கள் பாலம் என்று சொன்னாலும் அது தூண்கள்மேல் நிற்பதன்று. அடிமுதல் முடிவரை கற்குவியலாகிய அணை. தூண்பாலமாயின் கீழே படகு செல்லும். அணையின்கீழ் மீனும் செல்லாது.

பொறியாளர் இதனை அறிந்தே இருந்தனர். நீரிணையின் இருபுறமும் மீனவர் வாழ்ந்தனர். ஸ்கூடாய் ஆற்று முகத்திலிருந்து தெப்ராவ் ஆற்று முகத்துக்கும் ஜொகூர் ஆற்று முகத்துக்கும் சிறு கலங்கள் சென்றுவந்தன. அவற்றுக்காக ஜொகூர்க் கரையோரத்தில் நீரடைப்பு வழியொன்று கட்டப்பட்டது. இருமுனையிலும் கதவுகள், ஒருபுறக் கதவு திறக்கப் படகு உள்ளே வரும், அது மூடப்பட்டு, நீர்மட்டம் சமனானதும் மறுபுறக் கதவு திறக்கும். மேலே சென்ற சாலையும் தண்டவாளமும் தூக்குபாலமாக உயர்ந்து பாய்மரத்துக்கு வழிவிட்டன. பெருவழிக்கு நடுவே சிறியோர்க்கு ஒரு வாயில் வைத்த அந்த ஏற்பாடு, கடற்பாலத்தின் மற்றெல்லாச் சிறப்பைக் காட்டிலும் போற்றத்தக்கது. சிறுகலம் தன் வண்டி வேண்டாமலே ஒரு நீரிலிருந்து மறுநீருக்குச் சென்ற காலம் அதுவே.

அக்காலம் இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1942 சனவரி 31ஆம் நாள், ஜொகூரிலிருந்து பின்வாங்கிச் சிங்கப்பூருக்குள் புகுந்த நேசநாட்டுப் படைகள் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தன. ஒரு வெடி நீரடைப்பின் தூக்குபாலத்தைச் சிதைத்தது. மற்றொன்று அணையில் 70 அடி அளவுக்குப் பிளவை உண்டாக்கிற்று. ஜப்பானியப் படை அதனால் நிற்கவில்லை. பிப்ரவரி 8ஆம் நாள் இரவு படகுகளில் நீரிணையைக் கடந்தது. பிளவின்மேல் விரைவில் பாலமும் அமைத்தது. போர் முடிந்தபின் சாலையும் தண்டவாளமும் செப்பனிடப்பட்டன. நீரடைப்பு மட்டும் மீண்டும் கட்டப்படவில்லை. பெரிய வண்டிகளின் வழி திரும்பியது. சிறிய ஓடத்தின் வாயில் அடைபட்டே போயிற்று.

அதன் விளைவைத் தூரக்கணக்கில் காண்க. கடற்பாலத்துக்கு மேற்கே நிற்கும் ஒரு சிறு பாய்மரப் படகு கிழக்கே செல்ல விரும்பினால் தாண்டவேண்டிய தடை, முதலில் கட்டியபோது 60 அடி அகலமே. அதனை நீர்வழியே தவிர்க்க வேண்டுமாயின் சிங்கப்பூர்த் தீவு முழுவதையும் சுற்றி, உலகின் மிக நெரிசலான கப்பல் வழியின் ஓரமாக, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் செல்லவேண்டும். பதினைந்து அடிப் படகுக்கு அது பயணமன்று, சோதனை. பெனாரிக்கானில் சில நூறு மீட்டர் தீபகற்பத்தையே சுற்றும் தொல்லையைத் தவிர்த்ததுபோல, இங்கும் படகைத் தரைமேல் இழுப்பதே வழியாயிற்று. 1998 சனவரியில் கேலாங் பாத்தாவையும் துவாஸையும் இணைத்துத் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் தூண்கள்மேல் நிற்பது. படகுக்கு அது தடையன்று. பழைய அணையின் ஜொகூர்ப் பாதியை அகற்றி, கலங்கள் கீழே செல்லும் வளைந்த பாலம் கட்டும் திட்டத்தையும் மலேசிய அரசு முன்வைத்தது. நீண்ட வாதத்துக்குப்பின் 2006இல் அது கைவிடப்பட்டது. வளைபாலம் வேண்டுமா வேண்டாமா என்பதை அரசியலார் பலகோணங்களில் வாதிட்டனர். சிறு படகுக்காரனின் குரல் அவ்விரைச்சலில் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆக, எஞ்சியது இழுவண்டியே. மூடப்பட்ட நீரடைப்பின் வேலையை ஒவ்வொரு படகுக்கும் கீழே நின்று தனித்தனியே செய்வது அது. சிறுவர் பயிலும் ஆப்டிமிஸ்ட் என்னும் படகு 1947இல் அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் வரைந்தது, நீளம் 2.3 மீட்டருக்குச் சற்று மிகுதி, உடல் எடை 35 கிலோகிராம். அதனைக் கூரைமேல் கட்டியும் கொண்டுபோகலாம். அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கு இழுவண்டியின்றிக் கதியில்லை. கிழக்குக் கரையில் மெர்சிங் போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் கடல் கொந்தளிக்கும். அப்போது படகுகள் மாதக்கணக்கில் வண்டியின்மேலேயே கிடக்கும். அல்லது அமைதியான தெப்ராவ் நீரிணைக்குச் சாலைவழியே கொண்டுவரப்படும். படகு ஓய்வெடுக்கும் பருவத்தில்தான் வண்டிக்கு வேலை மிகுகிறது.

அது பழுதாகும் முறையில் ஒரு சூழ்ச்சி உண்டு. நெடுஞ்சாலையில் விரைந்து வந்த இழுவண்டியின் சக்கரக் குடம் சூடேறியிருக்கும். கரைக்கு வந்தவுடன் படகை மிதக்கவிட அதனை அப்படியே கடல்நீரில் இறக்குவர். சூடான குடம் திடீரெனக் குளிர, உள்ளிருக்கும் காற்று சுருங்கும்; அச்சுருக்கம் உறையைத் தாண்டி உப்புநீரை உள்ளிழுக்கும். மசகு பாலாகத் திரியும். பேரிங்குகளில் துரு பிடிக்கும். வெளியே வண்ணப்பூச்சு பளபளக்க, உள்ளே குடம் அழுகிக்கொண்டிருக்கும். சட்டமும் அவ்வாறே. குழாய்ச் சட்டத்தின் உட்புறத்தில் தேங்கிய நீர் உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. கண்ணுக்குத் துளை தெரியும் நாளில் இரும்பு தாளாகியிருக்கும். பட்டைவில்லின் தகடுகளுக்கு இடையே புகுந்த உப்பு அவற்றைப் பிளக்கிறது. மரத் தண்டவாளத்தைக் கரையான் தின்றதும் இப்படித்தான், தோலை விட்டுவைத்துச் சதையை முதலில். பெரிய தேர் ஓடுவதும் நிற்பதும் சிறிய அச்சாணியால் என்று வினைத்திட்பம் அதிகாரம் காட்டும் உவமைக்கு, நடுச்சாலையில் சக்கரம் கழன்று சாய்ந்து நிற்கும் இழுவண்டியைக் காட்டிலும் தெளிவான உரை வேண்டியதில்லை.

அந்நிலைக்கு வந்த வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, மாற்றுவதா என்பது படகுடையோரைத் தடுமாறச் செய்யும் கேள்வி. பேரிங்கும் சக்கரமும் விளக்குக் கம்பியும் மாற்றத்தக்கவை. அச்சு திருகாணியால் பூட்டப்பட்டதாயின் அதனையும் மாற்றலாம். சட்டமே அரிக்கப்பட்டிருந்தால் அதன்மேல் பற்றவைக்கும் தகடு ஏமாற்றே. பற்றவைத்த சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து, அவ்விடமே அடுத்த துருவுக்கு வாயிலாகிறது. ஆகையால்தான் நல்ல பட்டறையில் துளையிடுதல், பற்றவைத்தல் ஆகிய எல்லாம் முடிந்த பின்னரே சட்டம் முழுவதையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பர். முதலில் பூசிப் பின்னர்த் துளையிட்ட சட்டம் விலையில் குறையும், ஆயுளிலும் குறையும்.

புதிய வண்டி தேர்வோர் பெரும்பாலும் செய்யும் பிழை, பழைய வண்டியின் அளவைக் கொண்டே புதியதை வாங்குவது. பழைய வண்டி வேறொரு படகுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். அதுவே அது முறிந்ததற்குக் காரணமாகவும் இருக்கலாம். அளக்கவேண்டியது படகைத்தான். கண்ணாடியிழை உடலின் தோல் மெல்லியது; அதன் எடை ஓர் உருளையின்மேல் மட்டும் விழுந்தால் சாலையின் ஒவ்வொரு குழியும் அவ்விடத்தைக் குத்தும். எடையைத் தாங்கவேண்டியது ஏரா எனப்படும் அடிமரம். பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடித்தால் போதும், அவையும் உட்சுவர்கள் அமைந்த இடத்துக்கு நேரே இருத்தல் நன்று. அடுத்தது அச்சின் இடம். மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு இழுக்கும் காரின் கொக்கியில் அழுந்தவேண்டும். அதனினும் குறைந்தால் வண்டி வால்போல் இருபுறமும் ஆடி, காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பாய்மரமும் சுக்கானும் நங்கூரமும் ஏற்றியபின் நிறுத்துப் பார்க்கவேண்டிய கணக்கு இது. வெறும் படகை வைத்துப் போட்ட கணக்கு சாலையில் பொய்க்கும்.

சிறு படகுகளுக்கு இதனினும் அறிவார்ந்த ஏற்பாடு ஒன்று உண்டு. இலேசான கைவண்டி ஒன்று படகோடு நீரில் இறங்கும். சாலை வண்டி கரையில் உலர்ந்தே நிற்கும். பயணத்தின்போது படகு கைவண்டியோடு சாலை வண்டியின்மேல் ஏறி அமரும். ஓடம் வண்டியில் ஏற, அவ்வண்டி மற்றொரு வண்டியில் ஏறும் அடுக்கு இது; பழமொழி செய்தவர் கண்டிருந்தால் மற்றோர் அடி சேர்த்திருப்பார். உப்பைத் தொடும் பகுதியில் சூடேறும் குடம் இல்லை. சூடேறும் குடம் உப்பைத் தொடுவதில்லை. பெனாரிக்கானில் கட்டைகள் நிலத்திலேயே தங்க, படகு மட்டும் ஆற்றில் சென்றதன் மறுவடிவம் இது என்றால் மிகையாகாது.

நீரில் இறங்கியே தீரவேண்டிய பெரிய வண்டிகளுக்குப் பொறுமையே மருந்து. கரைக்கு வந்ததும் குடம் கைபொறுக்கும் அளவுக்குக் குளிரும்வரை காத்திருத்தல், மேலேறியவுடன் நன்னீரால் குடத்தையும் பட்டைவில்லையும் சட்டத்தின் உட்புறத்தையும் கழுவுதல், ஆண்டுக்கொருமுறை பேரிங்கைக் கழற்றிப் பழைய மசகைத் துடைத்துப் புதியது நிரப்புதல். பருவக்காற்று மாதங்களில் நெடுநாள் நிற்கும் வண்டியின் அச்சைக் கட்டைகளின்மேல் தூக்கி வைத்தால் சக்கரமும் பட்டைவில்லும் சுமையின்றி இருக்கும். மீண்டும் மரக்கட்டைதான்.

கழித்த பழைய வண்டியிலிருந்து கம்பி சுற்றும் உருளையையும் ரப்பர்த் தாங்கிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு சட்டத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவர். புதியது பூட்டப்பட்ட காலையில், மேற்குக் கரையில் நின்ற படகு அதன்மேல் ஏறிக் கட்டுண்டு, ஜொகூர் பாருவின் வெளிப்புறச் சாலைகளைக் கடந்து கிழக்கே பாசிர் கூடாங் பக்கத்து நீரில் நண்பகலுக்குமுன் இறங்கிவிடும். வழியில் கடற்பாலத்துக்குத் திரும்பும் சாலையில் லாரிகளும் பேருந்துகளும் வரிசைகட்டி நிற்கும். அவ்வரிசையின் ஜொகூர் முனையில், சாலைக்கும் தண்டவாளத்துக்கும் கீழே, ஒருகாலத்தில் பாய்மரங்களுக்காக உயர்ந்த தூக்குபாலம் இருந்தது.